ஸ்மோக்கரில் அடைத்த மிளகாய்: பூரணம் ஒழுகுகிறது, மேலே கசக்கிறது

நொய்யல் கரை | திருப்பூர்

எல்லோருக்கும் வணக்கம். ஆவணியில் தங்கை மகனுக்குக் காதுகுத்து வைத்திருக்கிறோம். கோயிலில் இருந்து திரும்பியதும் 40 பேர் எங்கள் தோட்டத்துக்கு வருகிறார்கள். மாமன் சீர் முறைப்படி நடக்கும். அதற்கு மேல், பந்தி போடுவதற்கு முன்னால் என் கையால் ஒரு பண்டம் பரிமாற வேண்டும் என்று ஆசை. ஸ்மோக்கரில், அதாவது மூடிவைத்துக் கரிச் சூட்டிலும் விறகுப் புகையிலும் வேகவைக்கும் அடுப்பில், வாட்டிய அடைத்த மிளகாய்தான் அது.

இரண்டு முறை செய்து பார்த்தேன். இரண்டும் வீண். 200 லிட்டர் இரும்புப் பீப்பாயில் நானே செய்த ஸ்மோக்கர். உழவர் சந்தையில் வாங்கிய பஜ்ஜி மிளகாயை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தேன். பனீர்த் துருவல், தயிர், கொத்தமல்லித் தழை மூன்றையும் பிசைந்து அடைத்தேன். மூடியில் உள்ள வெப்பமானி 130 டிகிரி காட்டியது. 2 மணி நேரம் விட்டேன். திறந்து பார்த்தால் மிளகாய் துவண்டு கம்பி இடுக்கில் தொங்குகிறது. பூரணத்தில் இருந்து தண்ணீர் பிரிந்து கங்கின் மேல் சொட்டியிருக்கிறது. மிஞ்சிய பனீர் அழுக்குப் பழுப்பாக இருந்தது. வாயில் வைத்தால் மருந்துக் கசப்பு, நாக்கு மரத்துப்போனது.

அடுத்த முறை சீமைக்கருவேலச் சீவலை இரவெல்லாம் தண்ணீரில் ஊறவைத்துப் போட்டேன். கசப்பு கூடியதே தவிரக் குறையவில்லை. மிளகாயா, பூரணமா, விறகா, எதில் தவறு?


பட்டறை | பல்லடம்

சமையலுக்குப் போவதற்கு முன்னால் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். அந்தப் பீப்பாயில் முன்பு என்ன இருந்தது?

திருப்பூர், ஈரோடு பக்கம் பழைய இரும்புக் கடையில் மலிவாகக் கிடைக்கும் பீப்பாய்களில் பல சாயப்பட்டறை வேதிப்பொருள் வந்தவை. எவ்வளவு கழுவினாலும், எவ்வளவு எரித்தாலும் அதில் சமைக்கக் கூடாது. என்னிடம் அப்படி ஒன்றை வெட்டித் தரச் சொல்லி வந்தவர்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். இரண்டாவது, உள்ளே வைத்திருக்கும் சல்லடைக் கம்பி துத்தநாகப் பூச்சு உள்ளதா? அதுவும் வேண்டாம். சூடேறினால் அந்தப் பூச்சில் இருந்து கிளம்பும் புகை உடம்புக்குக் கேடு. பூச்சில்லாத இரும்பு அல்லது எவர்சில்வர் கம்பி போடுங்கள்.


நொய்யல் கரை | திருப்பூர்

காங்கேயத்தில் எண்ணெய் ஆலை வைத்திருக்கும் உறவினரிடம் வாங்கிய தேங்காய் எண்ணெய்ப் பீப்பாய் அண்ணா. உள்ளே வெறும் விறகை நிறைத்து ஒரு பகல் முழுக்க எரித்து, பெயின்ட் எல்லாம் உதிர்ந்த பிறகுதான் பயன்படுத்தினேன். கம்பி எவர்சில்வர்.


பட்டறை | பல்லடம்

அப்படியானால் நிம்மதி. இனி மற்றவர்கள் பேசலாம்.


கொரங்காட்டான் | காங்கேயம்

கசப்புக்கு நான் பதில் சொல்கிறேன். குற்றம் மரத்தின் மேல் இல்லை, எரிந்த விதத்தில் இருக்கிறது.

உங்கள் புகைபோக்கியில் இருந்து வந்த புகை என்ன நிறம் என்று நினைவிருக்கிறதா? நெல் அவிக்கும்போது வருவது போலத் திரள் திரளாக வெள்ளையாக வந்திருக்கும். காற்றுப் போதாமல் விறகு குமைகிறது என்று அதற்குப் பொருள். குமைந்த புகையில் இருக்கும் தார்ப்பசைதான் பூரணத்தின் மேல் படிந்து நாக்கை மரக்க வைக்கிறது. நல்ல புகை கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. பின்னால் இருண்ட மரம் இருந்தால்தான் மெல்லிய நீலமாகத் தெரியும். அந்த நீலம் வரும் வரை மிளகாயை உள்ளே வைக்காதீர்கள்.

ஊறவைத்த சீவல் எதற்கும் உதவாது. மரத்துக்குள் தண்ணீர் அதிகம் இறங்குவதில்லை, மேலாக நனைகிறது. அந்த ஈரம் ஆவியாகிப் போகும் வரை விறகு பற்றாமல் குமையும். நீங்கள் இரவெல்லாம் ஊறவைத்துக் கசப்பைத்தான் வளர்த்திருக்கிறீர்கள்.

செய்ய வேண்டியது இதுதான். சூட்டுக்குக் கொட்டாங்குச்சிக் கரி. மணத்துக்கு மட்டும் மரம், அதுவும் ஆறு மாதமாவது காய்ந்தது. கைக்கட்டை விரல் தடிமனில் ஒரு சாண் நீளத் துண்டுகள் இரண்டு போதும், மொத்தச் சமையலுக்கும். கீழே காற்றுத் துளையைப் பாதி திறந்து வையுங்கள். மேலே புகைபோக்கியை எப்போதும் முழுதாகத் திறந்து வையுங்கள். சூட்டைக் குறைக்க வேண்டுமானால் கீழ்த் துளையை மூடுங்கள். புகைபோக்கியை மூடினால் புகை உள்ளேயே நின்று கெடும்.

எங்கள் கொரங்காட்டில், அதாவது மேய்ச்சல் நிலத்தில், வெள்வேல் மரம்தான் மிகுதி. காற்றில் ஒடிந்து விழுந்த கிளைகளைக் காயவைத்துப் பயன்படுத்துகிறேன். கங்கு நெடுநேரம் நிற்கும். மிளகாய் போன்ற மெல்லிய பொருளுக்குக் கொய்யாவும் மாவும் அதைவிட நல்லது. வேம்பு கசக்கும். தைலமரம் எண்ணெய் வாடை அடிக்கும். அரளி நஞ்சு, அதன் குச்சி ஒன்றுகூட அடுப்பருகே வரக் கூடாது. மரக்கடைக் கழிவுப் பலகை, பிளைவுட், பெயின்ட் அடித்த கட்டை எதுவும் வேண்டாம்.


கோபிச்செட்டிபாளையம் | இப்போது ஹூஸ்டன்

இந்தப் பண்டம் எங்கிருந்து வந்ததோ அங்கே பத்து ஆண்டுகளாக இருப்பதால் சில செய்திகள் சொல்லலாம்.

இங்கே இதற்கு எடுப்பது ஹாலபீனோ மிளகாய். மெக்சிகோவின் வெராகுரூஸ் மாநிலத்தில் உள்ள ஹலாபா நகரத்தின் பெயர்தான் அதன் பெயரும். ஒரு விரல் நீளம், காம்புப் பக்கம் அகலம், சதை தடிமன். காரத்தை அளக்கும் ஸ்கோவில் அலகில் 2,500 முதல் 8,000 வரை வரும். உள்ளே கிரீம் சீஸ், வெளியே பேக்கன், அதாவது உப்பிட்ட பன்றிக்கறியின் மெல்லிய பட்டையைச் சுற்றி, 110 முதல் 135 டிகிரி வரையில் ஒன்றரை மணியில் இருந்து இரண்டரை மணி நேரம் வைக்கிறார்கள். அந்த நேரம் அந்தத் தடித்த சதைக்கும், பேக்கன் கொழுப்பு உருகி மொறுமொறுப்பாக வருவதற்கும் உரியது. நம் பஜ்ஜி மிளகாயின் தோல் அதில் பாதி கனம்கூட இருக்காது. அதே 2 மணி நேரத்தை அதற்குக் கொடுத்தால் துவளாமல் என்ன செய்யும்? 120 டிகிரியில் 45 நிமிடம் முதல் 1 மணி நேரம் போதும்.

சீமைக்கருவேலத்தைப் பற்றி ஒரு சொல். டெக்சாஸ்காரர்கள் கொண்டாடும் மெஸ்கீட் மரமும் நம் சீமைக்கருவேலமும் ஒரே பேரினம். ஹவாய்த் தீவுகளில் வாட்டுவதற்குப் பயன்படுத்தும் கியாவேயும் அதே உறவுதான். அதனால் அந்த மரத்தை யாரும் இழிவாக நினைக்க வேண்டியதில்லை. ஆனால் அதன் புகை காட்டமானது. சுடச்சுட எரித்துக் கறி வாட்ட ஏற்றது. மூடிவைத்து மெதுவாகப் புகையூட்டும்போது கொஞ்சம் மிஞ்சினாலும் கசந்துவிடும். இங்கே மெதுவான சமையலுக்குப் பலர் ஓக் மரத்தைத்தான் எடுக்கிறார்கள்.

இன்னொன்று. மூடியில் உள்ள வெப்பமானியை நம்பாதீர்கள். மிளகாய் இருக்கும் கம்பி மட்டத்தில் சூடு வேறாக இருக்கும். தனியாக ஒரு கம்பி வெப்பமானி வாங்கி, முதலில் கொதிக்கும் தண்ணீரில் விட்டுச் சோதியுங்கள். கோயம்புத்தூர் கடல் மட்டத்தில் இருந்து 400 மீட்டருக்கு மேல் இருப்பதால் அங்கே தண்ணீர் 98, 99 டிகிரியிலேயே கொதிக்கும். 100 காட்டவில்லை என்று கருவியைத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள்.


வெள்ளகோவில் ஆசிரியை

தம்பி, கை எப்படி இருக்கிறது? இத்தனை மிளகாய் அரிந்தவர் கையைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லையே என்று பார்க்கிறேன்.

அரிவதற்கு முன்னால் இரண்டு கையிலும் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். காரம் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். முடித்த பிறகும் முதலில் எண்ணெய் தேய்த்துத் துடைத்துவிட்டு, அப்புறம் சோப்புப் போடுங்கள். எரிச்சல் நின்றபாடில்லை என்றால் கெட்டித் தயிரில் கையை வையுங்கள். கையுறை கிடைத்தால் இத்தனையும் தேவையில்லை. குழந்தையைத் தூக்கும் வீடு அது, மறக்க வேண்டாம்.

காரம் விதையில் இருக்கிறது என்று எல்லோரும் விதையைத் தட்டிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். விதை ஒட்டிக்கொண்டிருக்கும் வெள்ளைச் சதையில்தான் காரம் ஊறுகிறது. சிறு கரண்டியின் விளிம்பால் காம்புப் பக்கத்தில் இருந்து நுனி வரை ஒரே இழுப்பாக இழுத்தால் அந்த வெள்ளை நரம்பு முழுதாக வரும். பஜ்ஜி மிளகாய் காரமில்லாதது என்று முழுதாக நம்பவும் முடியாது. தண்ணீர் குறைந்து வாடிய செடியில் காய்த்தது காரம் ஏறியிருக்கும். ஒவ்வொரு கூடையில் இருந்தும் ஒன்றை நுனி கிள்ளிச் சுவைத்துவிட்டு அடையுங்கள்.

எங்கள் அமுச்சி (அம்மாவின் அம்மா) கத்திரிக்காயும் தக்காளியும் கங்கில் சுட்டுக் கடைவார்கள். அதில் இருந்த புகை மணம் எந்த மசாலாவாலும் வராது. ஆனால் அவர்கள் சுள்ளி எரிந்து அடங்கிக் கங்கு சிவந்த பிறகுதான் காயைப் போடுவார்கள். கொரங்காட்டுத் தம்பி மேலே எழுதியது அதே செய்திதான்.


நெய்க்காரம்மா | ஊத்துக்குளி

பூரணம் ஒழுகியதற்குக் காரணம் தயிர். வேறு எதையும் தேட வேண்டாம்.

கடையில் வாங்கிய தயிரில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். சூடு பட்டதும் அது பிரிந்து ஓடத்தான் செய்யும். பனீரும் அந்தத் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளாது. எலுமிச்சை விட்டுத் திரித்த பாற்கட்டி எவ்வளவு சூட்டிலும் உருகாது. அப்படியே துருவலாக நிற்கும். கிரீம் சீஸும் புளிப்பால் திரட்டியதுதான், ஆனால் அதில் கொழுப்பு மிகுதி என்பதால் குழைவாக நிற்கிறது. ஆகவே நமக்கு வேண்டியது மூன்று: தண்ணீரை எடுக்க வேண்டும், கொழுப்பைச் சேர்க்க வேண்டும், எஞ்சிய ஈரத்தைப் பிடிக்க ஒரு மாவு வேண்டும்.

நான் செய்வது: முந்தின நாள் மாலை தயிரை மெல்லிய வேட்டித் துணியில் கட்டி, அடியில் பாத்திரம் வைத்துக் குளிர்பெட்டிக்குள் தொங்கவிடுவேன். காலையில் துணியைப் பிரித்தால் தயிர் வெண்ணெய் போல ஒரே கட்டியாக உருண்டு வரும்; விரலால் அழுத்தினால் குழி அப்படியே நிற்கும். அந்தப் பதம் வராமல் எடுக்க வேண்டாம். அதில் 250 கிராம், பனீர் 500 கிராம், வெண்ணெய் 50 கிராம், பொட்டுக்கடலைப் பொடி 2 மேசைக்கரண்டி. பனீரை உள்ளங்கையின் அடிப்பாகத்தால் தாம்பாளத்தில் தேய்த்துத் தேய்த்து, மணல் போன்ற நறநறப்பு போகும் வரை பிசைய வேண்டும். பிறகுதான் தயிர். உப்பு, வறுத்துப் பொடித்த எள்ளு, தட்டிய பூண்டு, சீரகம். கொத்தமல்லித் தழை சேர்ப்பதானால் கழுவி, துணியில் ஈரம் போக உருட்டி எடுத்துச் சேருங்கள்.

40 பேருக்கு ஆளுக்கு இரண்டு என்றால் 80. ஒன்றுக்கு 20 கிராம் பூரணம் பிடிக்கும். ஆக 1,600 கிராம். நான் சொன்ன அளவின் இரண்டு மடங்கு சரியாக வரும்.

மிளகாயின் உள்ளேயும் ஈரம் உண்டு. சுத்தம் செய்த பிறகு உள்புறம் லேசாக உப்புத் தடவிக் கவிழ்த்து வையுங்கள். 15 நிமிடத்தில் முத்து முத்தாக நீர் கோத்திருக்கும். துடைத்துவிட்டு அடையுங்கள்.


மஞ்சள் காடு | ஈரோடு

பேக்கனுக்கு மாற்று யாரும் சொல்லவில்லை. சைவம் உண்பவர்களும் வரும் விருந்து என்று நினைக்கிறேன். மஞ்சள் இலையைச் சுற்றிப் பாருங்கள்.

ஈரோட்டு மஞ்சளுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊரெல்லாம் கிழங்கைப் பற்றிப் பேசினோம், இலையை மாட்டுக்கும் குப்பைக்கும் விட்டுவிட்டோம். வைகாசியில் நட்ட வயலில் ஆவணிக்கெல்லாம் இலை முழங்கைக்கு மேல் நீண்டிருக்கும். நடு நரம்பை எடுத்துவிட்டு இரண்டு விரல் அகலத்துக்குக் கிழித்து, அனலில் ஒரு நொடி காட்டினால் வளைந்து கொடுக்கும். மிளகாயின் நடுவில் ஒரே சுற்று, வாழைநாரால் கட்டு. பூரணத்தை முழுதாக மூடிவிட வேண்டாம், புகை இறங்க இடம் வேண்டும்.


கோபிச்செட்டிபாளையம் | இப்போது ஹூஸ்டன்

மணத்துக்குச் சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பேக்கனின் வேலை மணம் மட்டும் இல்லை. கொழுப்பு உருகி மிளகாயின் தோலை நனைத்துக்கொண்டே இருக்கும்; அதனால் தோல் வறண்டு தோல்பட்டையாக ஆவதில்லை. இலையில் கொழுப்பு இல்லை. ஊத்துக்குளி அக்காவின் வெண்ணெயை உருக்கி, வைக்கும்போது ஒரு முறையும் பாதியில் ஒரு முறையும் தோலில் தடவினால் அந்தக் குறை தீரும். அசைவர்களுக்கு மட்டும் தனித் தட்டு வைப்பதானால் வெண்பன்றிக் கறியின் கொழுப்புள்ள பகுதியை மெல்லிய பட்டையாக அரிந்து, உப்பில் ஓர் இரவு வைத்துச் சுற்றலாம்.


காவிரிக் கரை | பள்ளிபாளையம்

அசைவத்துக்குப் பன்றிதான் வேண்டும் என்று யார் சொன்னது? எங்கள் ஊர்ப் பெயர் சொல்லும் கோழி இருக்கிறது. சின்ன வெங்காயம், வரமிளகாய், தேங்காய்ச் சில்லு, கறிவேப்பிலை, மஞ்சள்தூள், உப்பு. வேறு மசாலா தொடாமல் எலும்பில்லாத கறியைச் சுண்டச் சுண்ட வதக்கி, ஆறிய பிறகு கொத்தி அடையுங்கள். தேங்காய்ச் சில்லைக் கடுகு அளவுக்கு நறுக்க வேண்டும், இல்லையென்றால் மிளகாய் கிழியும். வரமிளகாயைப் பாதியாகக் குறையுங்கள், வெளியே ஒரு மிளகாய் இருக்கிறது.

பச்சைக் கறியை அடைத்து ஸ்மோக்கரில் வேகட்டும் என்று விடவே கூடாது. கோழி உள்ளே 74 டிகிரி தொட வேண்டும். இந்தச் சூட்டில் அந்த நிலை வருவதற்குள் மிளகாய் நைந்துபோகும். வேகவைத்தே அடையுங்கள்.


கொரங்காட்டான் | காங்கேயம்

பிளப்பதைப் பற்றி எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. ஹாலபீனோவை இரண்டாகப் பிளந்து படகு போல வைக்கலாம், சதை தாங்கும். பஜ்ஜி மிளகாயைப் பிளந்தால் தாங்காது. காம்போடு முழுதாக வைத்து, ஒரு பக்கம் மட்டும் கீறி, கீறல் மேலே பார்க்க அடைக்க வேண்டும்.


பட்டறை | பல்லடம்

முழு மிளகாய் உருளுமே. அதற்கு என் தீர்வு: 6 மில்லிமீட்டர் எவர்சில்வர் கம்பிகளை 2 சென்டிமீட்டர் இடைவெளியில் பற்றவைத்து ஒரு தட்டு. மிளகாய் இரண்டு கம்பிக்கு நடுவில் தொட்டிலில் படுத்தது போல உட்காரும். நம்பர் கொடுத்தால் செய்து தருகிறேன், கம்பி விலை மட்டும் போதும்.

காற்றையும் கணக்கில் எடுங்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று ஆவணியிலும் முழுதாக அடங்காது. பல்லடத்தில் ஆடியில் என் ஸ்மோக்கர் 120இல் இருந்து 160க்கு ஐந்து நிமிடத்தில் ஏறியது, காற்றுத் துளை மேற்கே பார்த்து இருந்ததால். துளையைக் கிழக்கே திருப்பி, மேற்கில் ஒரு தகரத்தை நிறுத்துங்கள்.


நொய்யல் கரை | திருப்பூர்

காதுகுத்து நேற்று முடிந்தது. உங்கள் எல்லோருக்கும் என்ன நடந்தது என்று சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

நடுவில் இரண்டு ஞாயிறு ஒத்திகை பார்த்தேன். முதல் ஞாயிற்றில் பூரணம் சரியாக நின்றது, புகை போதவில்லை. காரணம் பிறகு புரிந்தது: அடைத்து வெளியிலேயே வைத்திருந்தேன். அடுத்த முறை அடைத்த தட்டை ஒரு மணி நேரம் குளிர்பெட்டியில் வைத்துவிட்டு நேராக ஸ்மோக்கருக்குக் கொண்டுபோனேன். குளிர்ந்த பரப்பில் புகை நன்றாகப் பிடிக்கிறது.

நேற்று 84 மிளகாய். 60 பனீர், 24 பள்ளிபாளையம் கோழி. சைவத் தட்டு மேல் அடுக்கு, கோழி கீழ் அடுக்கு. கொட்டாங்குச்சிக் கரி, தோட்டத்துக் கொய்யாக் குச்சி இரண்டு. காலை 9 மணிக்கு மூட்டினேன். வெள்ளைப் புகை அடங்க 25 நிமிடம் ஆனது. தென்னை மரத்து நிழலுக்கு எதிரே நீலமாகத் தெரிந்ததும் தட்டை வைத்தேன். கம்பி மட்டத்தில் 115க்கும் 125க்கும் நடுவில் நின்றது. 55ஆவது நிமிடம் எடுத்தேன். தோல் சுருங்கி, பச்சை மங்கி ஆலிவ் நிறமாகி, கீறலில் பூரணம் லேசாக உப்பி ஓரம் மட்டும் பொன்னிறமாக இருந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் கீழே விழவில்லை.

மஞ்சள் இலையின் ஓரம் சில இடத்தில் கருகியது. ஆனால் வாழைநாரை அவிழ்த்தபோது எழுந்த மணத்துக்காகவே அடுத்த முறையும் சுற்றுவேன். தங்கை மாமனார் அசைவம் தொடாதவர். நான்கு சாப்பிட்டுவிட்டு இலையை முகர்ந்துகொண்டே உட்கார்ந்திருந்தார். பட்டறை அண்ணாவின் தட்டில் ஒரு மிளகாய்கூட உருளவில்லை.

மிஞ்சிய வெறும் மிளகாய் ஒரு கை அளவு இருந்தது. அடுப்பு அணைந்து கங்கு மட்டும் இருந்தபோது அதை உள்ளே போட்டு மூடிவிட்டுப் படுத்துவிட்டேன். இன்று காலையில் பாதி காய்ந்து கிடந்தது.


கோபிச்செட்டிபாளையம் | இப்போது ஹூஸ்டன்

மெக்சிகோவில் பழுத்துச் சிவந்த ஹாலபீனோவைப் புகையில் உலர்த்தினால் அதற்குச் சிபோட்லே என்று பெயர். நீங்கள் அதன் பச்சை வடிவத்தைத் தொட்டிருக்கிறீர்கள். இன்னும் இரண்டு நாள் வெயிலில் போட்டு எடுங்கள்.


வெள்ளகோவில் ஆசிரியை

வெயிலில் போடுவதற்கு முன்னால் உப்புப் போட்ட புளித்த மோரில் ஓர் இரவு ஊறட்டும் தம்பி. கம்பங்கூழுக்கு எண்ணெயில் பொரித்துத் தொட்டுக்கொள்ளலாம்.


நொய்யல் கரை | திருப்பூர்

மோரில் போட்டுவிட்டேன் அக்கா. ஜாடியைத் திறந்தால் கொய்யாப் புகை வாசம் வருகிறது. அம்மா பார்த்துவிட்டு, அடுத்த சந்தையில் இதற்கென்றே 2 கிலோ வாங்கச் சொல்லியிருக்கிறார்கள்.